முன்னாடி போகணுமா பக்? முன்னாடி போகலாமா ஆள்? - ஐஸ் ஹாக்கி ஆஃப்சைடு, ஒரே கேள்வியில் புரிஞ்சுக்கலாம்!

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போறப்போ ஒரு ஐஸ் ஹாக்கி கிளிப் கண்ணுல படுது. ஒருத்தர் மின்னல் வேகத்துல சறுக்கி வந்து கோல் போடுறார். மொத்த ஸ்டேடியமும் எழுந்து குதிக்குது. வீரர்கள் கட்டிப்பிடிச்சுக் கொண்டாடுறாங்க. கொஞ்ச நேரத்துல நடுவர்கள் ஓரமா போய், ஹெட்செட் மாட்டி, வீடியோ பார்த்துட்டு வர்றாங்க. 'கோல் இல்லை' என்று அறிவிப்பு. காரணம், ஆஃப்சைடு.

கமென்ட்ல போய்ப் பார்த்தா பாதிப் பேர் திட்டுறாங்க, பாதிப் பேர் 'சரியான தீர்ப்பு'ன்னு சொல்றாங்க. நமக்கு மட்டும் ஒண்ணுமே புரியலை. கோல் போட்டவர் பக்கத்துல எந்தத் தப்பும் நடந்த மாதிரியே தெரியலையே?

கவலையே வேண்டாம். ஐஸ் ஹாக்கி ஆஃப்சைடு, ஃபுட்பால் ஆஃப்சைடைவிட ரொம்ப எளிது. தரையில் வரைந்த ஒரு கோடு, அதைத் தாண்டும்போது கேட்கவேண்டிய ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான். அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டா, மத்ததெல்லாம் தானா வந்து சேர்ந்துடும்.

முதலில் மைதானத்தைப் பார்த்துடலாம்

ஐஸ் ஹாக்கி ஆடும் பனித்தளத்துக்குப் பேர் ரிங்க். வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீக்கில், அதாவது என்.ஹெச்.எல்-லில், ரிங்க்கின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. ஒரு அணிக்கு கோல்கீப்பரையும் சேர்த்து 6 பேர். 20 நிமிடங்கள் வீதம் 3 பீரியட். பந்துக்குப் பதிலா 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வில்லை. 3 அங்குல விட்டம், 1 அங்குல தடிமன்.

ரிங்க்கின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நீலக் கோடு. இந்த நீலக் கோடுகள்தான் நம்ம கதையின் ஹீரோ. ஒவ்வொன்றும் 12 அங்குல அகலம். அதாவது, பள்ளிக்கூடத்து அடி ஸ்கேல் அளவு. இந்த அகலம் முக்கியம், பின்னாடி வேலைக்கு வரும்.

இரண்டு நீலக் கோடுகளும் சேர்ந்து ரிங்க்கை மூன்று பகுதியாகப் பிரிக்கின்றன. நடுவில் இருக்கும் 50 அடி இரு அணிகளுக்கும் பொது. அதற்கு 'நியூட்ரல் ஸோன்' என்று பேர். இரண்டு முனைகளிலும் தலா 75 அடி. உங்க கோல்கீப்பர் நிற்கிற முனை உங்களுக்கு 'டிஃபெண்டிங் ஸோன்'. எதிரணி கோல்கீப்பர் நிற்கிற முனை உங்களுக்கு 'அட்டாக்கிங் ஸோன்'. 

ஆஃப்சைடு பற்றிப் பேசும்போது நமக்கு வேண்டியது ஒரே ஒரு கோடுதான். நீங்க தாக்கப் போகிற அந்த அட்டாக்கிங் ஸோனுக்கு வாசல்படி மாதிரி இருக்கிற நீலக் கோடு.

ஒரே கேள்வி

அந்த வாசலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உள்ளே முதலில் போனது பக்கா, ஆளா?

பக் முதலில் போனா, பிரச்னை இல்லை. பக்குக்கு முன்னாடியே தாக்கும் அணியின் ஆள் உள்ளே போயிட்டா, ஆஃப்சைடு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வருவதற்கு முன்னாடியே பந்தியில் உட்காரக் கூடாது என்கிற மாதிரி. இங்கே மாப்பிள்ளை, பக்.

இப்போ 'ஆள் உள்ளே போயிட்டார்' என்பதை எப்படி அளக்கிறது? மூணு விஷயத்தை மட்டும் நினைவில் வெச்சுக்கங்க.

1. கணக்கு காலுக்கு மட்டும்தான். கை, தலை, ஸ்டிக் எதுவும் கணக்கில் வராது. ஸ்டிக்கை நீட்டி நாலடி உள்ளே வெச்சிருந்தாலும் தப்பில்லை.

2. இரண்டு ஸ்கேட்டும் கோட்டை முழுசாகத் தாண்டியிருந்தால்தான் ஆஃப்சைடு. ஒரு கால் உள்ளே, ஒரு கால் கோட்டின் மேலேயோ வெளியிலேயோ இருந்தால் நீங்க பத்திரம்.

3. பக்கும் கோட்டை முழுசாகத் தாண்டினால்தான் உள்ளே போனதாகக் கணக்கு. கோட்டின் மேல் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் இன்னும் வெளியிலதான் இருக்கு என்று அர்த்தம்.

ஆகவே, லைன்ஸ்மேன் என்கிற கோட்டு நடுவர் ஒரே கணத்தில் இரண்டைப் பார்க்கணும். பக் கோட்டை முழுசாகத் தாண்டுகிற அந்த நொடியில், தாக்கும் அணியில் யாருடைய இரண்டு கால்களும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றனவா? ஒருத்தர் இருந்தாலும் ஆஃப்சைடுதான். அவர் பக்குக்கு எங்கேயோ தூரமாக, ஓரமாக நின்றாலும் சரி. ரீல்ஸில் கோல் போட்டவர் பக்கத்தில் தப்பே தெரியாததுக்குக் காரணம் இதுதான். தப்பு பண்ணினது வேற ஆளாக இருக்கும்.

ஃபுட்பாலோடு குழப்பிக்காதீங்க

ஃபுட்பாலில் ஆஃப்சைடு கோடு ஓடிக்கிட்டே இருக்கும். எதிரணியில் கடைசியிலிருந்து இரண்டாவதாக யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அது நகரும். பாஸ் போடுகிற நொடிதான் அங்கே கணக்கு.

ஐஸ் ஹாக்கியில் கோடு நகராது. பனிக்கு அடியில் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கு. எதிரணி ஆட்கள் எங்கே நிற்கிறாங்க என்பது பற்றிக் கவலையே இல்லை. பாஸ் எப்போ போட்டாங்க என்பதும் முக்கியமில்லை. பக் கோட்டைத் தாண்டுகிற நொடி மட்டும்தான் கணக்கு. பக் முறைப்படி உள்ளே போன பிறகு, நீங்க கோல்கீப்பர் பக்கத்திலேயே போய் நின்னாலும் ஆஃப்சைடு கிடையாது.

அப்போ நம்ம ஊர் புல்வெளி ஹாக்கி? அதில் இப்போ ஆஃப்சைடே இல்லை. 1996-ல் சோதனை முறையில் எடுத்துப் பார்த்து, 1998-ல் நிரந்தரமாகவே தூக்கிட்டாங்க. பேரில் 'ஹாக்கி' இருந்தாலும், இந்த விஷயத்தில் இரண்டும் வேற வேற பாதை.

கிரிக்கெட் தெரியுமா? அப்போ பாதி வேலை முடிஞ்சுது

ஸ்டம்பிங் நினைவிருக்கா? பேட்ஸ்மேனின் கால் கிரீஸ் கோட்டின் மேல் மட்டும் இருந்தால் அவுட். கோட்டுக்கு உள்ளே கொஞ்சமாவது தரையைத் தொட்டிருக்கணும். அங்கே கோடு பேட்ஸ்மேனுக்கு எதிரி.

ஐஸ் ஹாக்கியில் கோடு தாக்குபவருக்கு நண்பன். கோட்டில் கால் இருந்தால் நீங்க பத்திரம். அதனால்தான் வீரர்கள் நீலக் கோட்டுக்கு வரும்போது ஒரு வித்தியாசமான காரியம் பண்ணுவாங்க. முன்காலை உள்ளே விட்டுட்டு, பின்காலைக் கோட்டின் மேல் இழுத்துக்கிட்டே வருவாங்க. பக் உள்ளே போகிற வரைக்கும் அந்தப் பின்கால்தான் அவங்களோட உயிர்நாடி. சிலர் வேகத்தைக் குறைக்காமல், கோட்டை ஒட்டியே பக்கவாட்டில் வளைந்து சறுக்குவாங்க. பக் நுழைந்த மறுநொடி, முழு வேகத்தோடு உள்ளே பாய்வாங்க. ஐஸ் ஹாக்கியின் அழகான காட்சிகளில் இது ஒண்ணு. விதி தெரியாட்டி, 'ஏன் இவர் நேரா போகாம சுத்துறார்?' என்று மட்டும்தான் தோணும்.

இன்னொரு நுணுக்கம். பக் வெளியே இருந்து உள்ளே போக, 12 அங்குலக் கோட்டை முழுசாகத் தாண்டணும். உள்ளே இருந்து வெளியே வரவும் அதே 12 அங்குலத்தை முழுசாகத் தாண்டணும். அதாவது, பக் எந்தப் பக்கம் இருக்கோ, கோடு அந்தப் பக்கத்தின் சொத்து. பக் உள்ளே போயிட்டா, கோடும் அட்டாக்கிங் ஸோனின் ஒரு பகுதியாகிடும். தாக்குபவர்களுக்கு ஒரு அடி இடம் கூடுதலாகக் கிடைக்குது. கோட்டின் மேல் பக்கைத் தக்கவைக்க ஒருத்தர் உடம்பை வளைச்சு, ஸ்டிக்கை நீட்டிப் போராடுவதைப் பார்த்திருப்பீங்க. பக் ஒரு மயிரிழை வெளியே போயிட்டாலும், உள்ளே இருக்கிற அவரோட அணி ஆட்கள் எல்லாரும் வெளியே வந்து, மறுபடியும் ஆரம்பத்திலிருந்து நுழையணும். அந்தப் போராட்டத்துக்குக் காரணம் அதுதான்.

ஆஃப்சைடு ஆனா உடனே விசிலா?

எப்போதும் இல்லை. இங்கேதான் புதுசாகப் பார்க்கிறவர்கள் அதிகம் குழம்புவாங்க.

ஆஃப்சைடில் இருக்கிற அணி ஆள் பக்கைத் தொட்டால், அல்லது எடுக்கப் போனால் உடனே விசில். ஆனால் பக்கை உள்ளே அடிச்சாச்சு, தாக்கும் அணியின் ஒரு ஆள் ஏற்கெனவே உள்ளே நிற்கிறார், ஆனால் யாரும் பக்கைத் தொடவில்லை என்றால்? லைன்ஸ்மேன் ஒரு கையை நேராக மேலே தூக்குவார். விசில் ஊத மாட்டார். இதுக்குப் பேர் 'டிலேட் ஆஃப்சைடு', தாமத ஆஃப்சைடு.

கை மேலே இருக்கிற வரைக்கும் அர்த்தம் இது: 'தப்பு நடந்திருக்கு. ஆனா திருத்திக்க ஒரு வாய்ப்பு தர்றேன்.' தாக்கும் அணியில் உள்ளே இருக்கிற எல்லாரும் நீலக் கோட்டுக்கு வந்து ஸ்கேட்டால் தொடணும். உள்ளே ஒருத்தர்கூட இல்லை என்கிற நிலை வந்ததும் கை இறங்கும். அப்புறம் தாராளமாக உள்ளே போய் பக்கைத் துரத்தலாம். இதை 'டேக்-அப்' என்பாங்க. நம்ம ஊர்ப் பசங்க ஓடிப்பிடிச்சு ஆடும்போது, தாச்சியைத் தொட்டுட்டு மறுபடி ஓடுறதில்லையா? கிட்டத்தட்ட அதே கதை.

கை மேலே இருக்கும்போது பக்கைத் தொட்டாலும், பக்கை வெச்சிருக்கிற எதிரணி ஆளை நெருக்கிப் பின்னாடி தள்ளினாலும் விசில்தான். இன்னொண்ணு, தாமத ஆஃப்சைடை உண்டாக்கிய அந்த ஷாட்டே நேராகப் போய் கோலுக்குள் விழுந்தால்? செல்லாது.

இரண்டு விதிவிலக்குகள்

ஒண்ணு, பக்கைக் கட்டுப்பாட்டில் வெச்சிருக்கிற ஆள். அவர் பின்பக்கமாகச் சறுக்கிக்கிட்டே, பக்கைத் தன் முன்னால் வெச்சு இழுத்தபடி உள்ளே போகலாம். அவர் கால்கள் முதலில் போயிடும், பக் பின்னாடி வரும். ஆனாலும் தப்பில்லை. கோட்டைத் தாண்டுவதற்கு முன்னாடியே பக் அவர் வசம் முழுசாக இருந்திருக்கணும், அதுதான் நிபந்தனை.

இரண்டு, தற்காத்து ஆடும் அணியே பக்கைத் தங்கள் ஏரியாவுக்குள் கொண்டுபோனால். நடுப்பகுதியிலிருந்து அவங்களே பக்கை எடுத்துக்கிட்டோ, பாஸ் பண்ணியோ பின்னாடி போயிட்டாங்க, அங்கே எதிரணி ஆள் ஒருத்தர் ஏற்கெனவே நின்னுக்கிட்டிருக்கார் என்றால், ஆஃப்சைடு கிடையாது. கதவை அவங்களேதான் திறந்தாங்க. ஆனால் பக் அவங்க உடம்பில் பட்டுத் தெறிச்சுப் போனது, 'அவங்க கொண்டுபோனது' ஆகாது.

தண்டனை என்ன?

ஆஃப்சைடுக்கு யாரையும் வெளியே உட்கார வைக்க மாட்டாங்க. ஆட்டம் நிற்கும். பொதுவாக, நீலக் கோட்டுக்கு வெளியே நடுப்பகுதியில் இருக்கிற புள்ளியில் 'ஃபேஸ்ஆஃப்' நடக்கும். அதாவது, இரண்டு பேர் எதிரெதிரே நிற்க, நடுவர் பக்கைக் கீழே போட, யார் எடுக்கிறாங்க என்று போட்டி. ஆட்டத்தை நிறுத்துவதற்காகவே வேணும்னு ஆஃப்சைடு பண்ணினதாக லைன்ஸ்மேன் நினைத்தால், ஃபேஸ்ஆஃப் அந்த அணியின் சொந்த கோலுக்குப் பக்கத்திலேயே நடக்கும். அது கொஞ்சம் வலிக்கும்.

சரி, இந்த விதி எதுக்கு?

இதுக்குப் பதில் வரலாற்றில் இருக்கு.

1875 மார்ச் 3-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில்தான் முதன்முதலில் உள்ளரங்கில் ஒழுங்கமைத்த ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது. ஆரம்பகால விதிகள் கிட்டத்தட்ட ரக்பி மாதிரி. பக்கை முன்னாடி பாஸ் பண்ணவே கூடாது. பக்கவாட்டிலோ பின்னாடியோதான் தரணும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஒவ்வொரு பகுதியாக, முன்னாடி பாஸ் பண்ண அனுமதி வந்தது.

1928-29 சீசனில் என்.ஹெச்.எல்-லில் கோல் பஞ்சம். மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த், 44 ஆட்டங்களில் 22 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. அந்த சீசனில் அதிகபட்சமாக ஒருத்தர் அடிச்சதே 22 கோல்தான்.

உடனே அடுத்த சீசனில், அதாவது 1929-30-ல், அட்டாக்கிங் ஸோனுக்குள்ளும் முன்னாடி பாஸ் பண்ணலாம் என்று திறந்துவிட்டாங்க. விளைவு? வீரர்கள் பக்குக்காகக் காத்திருக்கவே இல்லை. முன்கூட்டியே போய் எதிரணி கோல்கீப்பர் மூஞ்சிக்கு முன்னால் 'பார்க்கிங்' போட்டுக்கிட்டாங்க. பக் வந்ததும் தட்டிவிட்டால் கோல். கோல்கள் மழையாகக் கொட்ட, சில வாரங்களிலேயே லீக் பதறிப்போச்சு. சீசன் பாதியில், 1929 டிசம்பரிலேயே விதியை மாத்தினாங்க: பக்குக்கு முன்னாடி யாரும் அட்டாக்கிங் ஸோனுக்குள் போகக் கூடாது. இன்று நாம பார்க்கிற ஆஃப்சைடு விதியின் வேர் இதுதான். அந்த சீசன் முடிவில் பாஸ்டன் ப்ரூயின்ஸின் கூனி வெய்லாண்ட் 44 ஆட்டங்களில் 43 கோல்களோடு முதலிடத்தில் இருந்தார். முந்தைய ஆண்டின் 22-ஓடு ஒப்பிட்டுப் பாருங்க.

ஆக, ஆஃப்சைடு கோல்களைத் தடுக்க வந்த விதி இல்லை. கோல் வாசலில் சும்மா காத்துக்கிடப்பதைத் தடுக்க வந்த விதி. வேகமாக வந்து, பாஸ் பண்ணி, நேரம் பார்த்து நுழைஞ்சு கோல் போடுங்க என்று சொல்கிற விதி.

இதற்கு ஒரு சொந்தக்கார விதியும் இருந்தது. 1943-44-ல் நடுச் சிவப்புக் கோடு வந்தது. சொந்த ஏரியாவிலிருந்து போடுகிற பாஸ், நீலக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் சேர்த்துத் தாண்டினால் தப்பு. 'டூ-லைன் பாஸ்' என்பாங்க. 2004-05 சீசன் சம்பளத் தகராறில் முழுசாக ரத்தாகி, 2005-06-ல் லீக் திரும்பி வந்தபோது இதைத் தூக்கிட்டாங்க. இப்போ நீண்ட பாஸ்கள் தாராளம். பழைய வீடியோவைப் பார்க்கும்போது, இன்றைய விதிப்படி தப்பே இல்லாத இடத்தில் விசில் ஊதினால், காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒரு கோடு, நாலு கதைகள்

விதி எளிது. ஆனால் மணிக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற ஆட்களை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது எளிதில்லை. அதற்கு எவ்வளவு விலை என்பதை இந்த நாலு சம்பவங்கள் சொல்லும்.

*1980, தவறவிட்ட கண்.* மே 24. ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். நியூயார்க் ஐலண்டர்ஸ், ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் மோதல். ஐலண்டர்ஸின் கிளார்க் கில்லீஸ் பக்கோடு உள்ளே போய், பின்னாடி வந்த புட்ச் கோரிங்குக்குத் தள்ளிவிட்டார். அந்த பக் நீலக் கோட்டைத் தாண்டி வெளியே போய் மறுபடி உள்ளே வந்தது. ஆஃப்சைடு கொடுத்திருக்கணும். லைன்ஸ்மேன் லியோன் ஸ்டிக்கிள் 'சரி' என்று சைகை காட்டினார். தொடர்ந்து டுவேன் சட்டர் கோல் அடித்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், 5-4 என ஐலண்டர்ஸ் ஜெயித்தது. அது அவங்களோட முதல் கோப்பை. தொடர்ந்து நாலு வருஷம் கோப்பை அவங்க கையில். ஸ்டிக்கிள் பிறகு தன் தவற்றை ஒப்புக்கொண்டார். ஆனால், திருத்த வழி இல்லை. ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் அந்தப் பேரை இன்னும் மறக்கலை.

*2013, ஊரே பார்த்த ஆஃப்சைடு.* பிப்ரவரி 18. கொலராடோ அவலாஞ்ச் அணியின் மேட் டுஷேன், நாஷ்வில் பிரிடேட்டர்ஸுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். பக் உள்ளே வரும்போது அவர் கோட்டுக்குள் பல அடி தூரம் போயிருந்தார். மயிரிழை விவகாரமெல்லாம் இல்லை. டி.வி-யில் பார்த்த எல்லாருக்கும் தெரிஞ்சது. விசில் வரவே இல்லை. கொலராடோ 6-5 என ஜெயித்தது. 'வீடியோ பார்த்துத் திருத்த ஒரு வழி வேணும்' என்று பேசியவர்கள் எல்லாரும் காட்டிய உதாரணம் இதுதான். 2015-16 சீசனில் 'கோச்சஸ் சேலஞ்ச்' வந்தது. எதிரணி கோல் அடித்ததும், 'அது ஆஃப்சைடு' என்று பயிற்சியாளர் முறையிடலாம். கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ் மாதிரி.

*2017, காற்றில் இருந்த கால்.* மே 29. ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். நாஷ்வில்லின் பி.கே.சுபான் முதல் கோலை அடித்தார். பிட்ஸ்பர்க் பயிற்சியாளர் சேலஞ்ச் செய்தார். வீடியோவில் பார்த்தால், ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க்கின் பின்கால் கோட்டுக்கு நேர் மேலே இருந்தது. ஆனால் பனியைத் தொடவில்லை, காற்றில் தூக்கியிருந்தது. அன்றைய விதிப்படி ஸ்கேட் பனியைத் தொட்டிருக்கணும். கோல் ரத்து. பிட்ஸ்பர்க் 5-3 என ஜெயித்து, கடைசியில் கோப்பையையும் தூக்கியது.

கிரிக்கெட்டில் பேட் கிரீஸைத் தாண்டியும் காற்றில் துள்ளியதால் ரன்-அவுட் ஆனவர்கள் ஞாபகம் வர்றாங்களா? கிரிக்கெட் அந்த விதியை 2017-ல் மாற்றியது. ஐஸ் ஹாக்கிக்கு இன்னும் கொஞ்சம் காலம் பிடித்தது. 2020-21 சீசனிலிருந்து, ஸ்கேட் பனியைத் தொடணும் என்கிற கட்டாயம் இல்லை. நீலக் கோட்டிலிருந்து ஒரு கண்ணாடிச் சுவர் நேராக மேலே எழும்புது என்று நினைச்சுக்கங்க. அந்தச் சுவரைத் தாண்டாமல் ஸ்கேட்டின் ஒரு பகுதி இருந்தால் போதும், காற்றில் இருந்தாலும் பத்திரம்.

*2022, தொடாத கை.* மே 31. கொலராடோ, எட்மன்டன் ஆயிலர்ஸ் மோதிய மேற்குப் பிரிவு இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். கொலராடோவின் கேல் மக்கார் பக்கைக் கோட்டுக்கு உள்ளே தட்டிவிட்டார். அப்போ அவர் அணியின் வலேரி நிச்சுஷ்கின் உள்ளேதான் இருந்தார், வெளியே வந்துக்கிட்டிருந்தார். மக்கார் பக்கை மறுபடி தொடாமல் விட்டார். நிச்சுஷ்கின் கோட்டைத் தொட்டதும் பக்கை எடுத்து கோல் அடித்தார். எட்மன்டன் சேலஞ்ச் செய்து தோற்றது. அதாவது, மக்கார் பக்கைத் தொடாத அந்தச் சில நொடி அது தாமத ஆஃப்சைடு. நிச்சுஷ்கின் டேக்-அப் ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டது. இணையத்தில் பெரிய சண்டை நடந்தது. ஆனால் மேலே டிலேட் ஆஃப்சைடு பகுதியைப் படித்த உங்களுக்கு, தீர்ப்பின் காரணம் இப்போ புரிஞ்சிருக்கும். கொலராடோ 8-6 என ஜெயித்தது. அந்த வருஷம் கோப்பையும் அவங்களுக்கே.

சேலஞ்ச் பண்றதும் சூதாட்டம்தான்

வீடியோ வந்ததும் எல்லாம் சரியாகிடுச்சா? முழுசா இல்லை. ஆரம்பத்தில் பயிற்சியாளர்கள் எடுத்ததுக்கெல்லாம் சேலஞ்ச் பண்ணினாங்க. ஆட்டம் இழுத்துக்கிட்டே போனது. 2017-18 முதல், ஆஃப்சைடு சேலஞ்ச் தோற்றால் அந்த அணிக்கு 2 நிமிட தண்டனை. அதாவது, ஒரு ஆள் குறைவோடு ஆடணும். இப்போதைய விதிப்படி, அதே ஆட்டத்தில் இரண்டாவது முறை தோற்றால் 4 நிமிடம். கோலும் போச்சு, ஆளும் போச்சு. அதனால் 'உறுதியா தெரிஞ்சா மட்டும் கேளு' என்பதுதான் இப்போ எல்லா அணியின் கொள்கை.

இன்னொரு வாதமும் ஓடிக்கிட்டே இருக்கு. ஒருத்தரின் ஸ்கேட் அரை அங்குலம் முன்னாடி போயிருக்கு. அதன் பிறகு பக் வெளியே வராமலேயே முக்கால் நிமிடம் ஆட்டம் நடந்து, பத்து பாஸ் போய், கோல் விழுது. சேலஞ்ச் ஜெயித்தால் அந்த கோல் ரத்து. கடிகாரத்தையும் பின்னாடி திருப்பி வைப்பாங்க. 1929-ல் இந்த விதி வந்தது கோல் வாசலில் காத்துக்கிடப்பதைத் தடுக்க. அரை அங்குல ஸ்கேட் யாருக்கும் எந்த லாபமும் தரவில்லையே என்பது ஒரு தரப்பு. 'கோடு என்றால் கோடு. அரை அங்குலத்துக்குச் சலுகை தந்தால், ஒரு அங்குலத்துக்கும் கேட்பாங்க' என்பது மறு தரப்பு. 2020-ல் வந்த கண்ணாடிச் சுவர் விதி, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். கோட்டை நகர்த்தவில்லை. காற்றில் இருக்கும் காலுக்கு மட்டும் கருணை காட்டியிருக்கு. இரண்டு தரப்பில் நீங்க எந்தப் பக்கம் என்பதை அடுத்த முறை ஒரு கோல் ரத்தாகும்போது முடிவு பண்ணிக்கங்க.

அடுத்த ஆட்டத்தில் இதைப் பாருங்க

• பக்கையே துரத்தாதீங்க. பக் நடுப்பகுதிக்கு வந்ததும், கண்ணை நீலக் கோட்டுக்கு மாத்துங்க. யாருடைய கால் எங்கே என்று பாருங்க.

• ரிங்க்கில் 4 நடுவர்கள் இருப்பாங்க. கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டிய இருவர் ரெஃப்ரி. பட்டை இல்லாத இருவர் லைன்ஸ்மேன். ஆஃப்சைடு சொல்வது இவங்க வேலை.

• லைன்ஸ்மேன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிச்சால், 'தப்பில்லை, ஆடுங்க.' ஒரு கை மேலே தூக்கி நின்றால், தாமத ஆஃப்சைடு. விசில் ஊதி நீலக் கோட்டை நோக்கிக் கை நீட்டினால், ஆஃப்சைடு.

• கை தூக்கியதெல்லாம் ஆஃப்சைடு இல்லை. 'ஐசிங்' என்று இன்னொரு விதி இருக்கு. சொந்தப் பாதியிலிருந்து பக்கை அடிச்சு, யாரும் தொடாமல் எதிரணி கோல் கோட்டையும் தாண்டவிட்டால் அது ஐசிங். அதற்கும் கை மேலே போகும். பக் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

• தற்காக்கும் ஆட்கள் நீலக் கோட்டில் வரிசை கட்டி நிற்பதைக் கவனியுங்க. எதிரணியைத் தடுமாற வைத்து, அவங்களில் ஒருத்தராவது பக்குக்கு முன்னாடி உள்ளே விழணும் என்பதுதான் திட்டம். அதைச் சமாளிக்கத்தான் தாக்கும் அணி பக்கைத் தூரமாக உள்ளே அடிச்சுட்டு, பின்னாடியே துரத்திக்கிட்டு ஓடுது.

லடாக்கிலும் இதே கோடுதான்

டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரப் பசங்களோடு மேப்பிள் லீஃப்ஸ் பற்றிப் பேச மட்டும்தான் இது உதவும் என்று நினைக்காதீங்க. இந்தியா 1989-லேயே சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் உறுப்பினராகிவிட்டது. லடாக்கில் குளிர்காலத்தில் உறைகிற குளங்கள்தான் அந்த ஊர்ப் பிள்ளைகளின் முதல் ரிங்க். இந்தியப் பெண்கள் அணி 2016-ல் முதன்முறையாக சர்வதேசப் போட்டியில் ஆடியது. 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வீழ்த்தி, முதல் வெற்றியைப் பெற்றது. 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசிய-ஓஷியானியா கோப்பையில் வெண்கலம் வென்றது.

சர்வதேசப் போட்டிகளில் ரிங்க்கின் அளவு கொஞ்சம் மாறும். 60 மீட்டர் நீளம், 26 முதல் 30 மீட்டர் வரை அகலம். ஆனால் நீலக் கோடு அதேதான். கேள்வியும் அதேதான். அடுத்த முறை நம்ம பெண்கள் பக்கோடு எதிரணியின் நீலக் கோட்டை நெருங்கும்போது, அவங்க பின்காலைப் பாருங்க. அது கோட்டிலேயே இருந்து, பக் உள்ளே போயிருச்சா? அப்போ தைரியமா கத்துங்க. அந்த கோல் செல்லும்!